ஆய்வாளருக்கு அமெரிக்க கிரீன் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் வேலை பார்க்கும் தமிழ் ஆய்வாளர்களுக்காக இதை எழுதுகிறேன். பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள், பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணியான போஸ்ட்டாக்கில் இருப்பவர்கள், புதிதாகப் பேராசிரியர் வேலையில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. சக ஆய்வாளர்களின் மனுக்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பவன். கட்டணங்களும் தேதிகளும் மாறக்கூடியவை. மனு அனுப்பும் வாரத்தில் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வெறும் போஸ்ட்டாக். நிரந்தர வேலை கிடைக்காமல் கிரீன் கார்டுக்கு மனு போட முடியுமா?

முடியும். பலருக்கு இது தெரியாமலே நல்ல வருடங்கள் போய்விடுகின்றன.

ஆய்வாளர்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது என்ஐடபிள்யூ, அதாவது நாட்டின் நலன் கருதித் தரும் விலக்கு. இது வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளின் இரண்டாம் பிரிவான இபி-2இல் வருவது. "இவர் செய்யும் வேலை நாட்டுக்குத் தேவை, அதனால் வேலை தருபவரும் வேண்டாம், லேபர் சர்டிஃபிகேஷனும் வேண்டாம்" என்று கேட்கும் மனு. லேபர் சர்டிஃபிகேஷன் என்பது அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறை தரும் சான்று. இரண்டாவது இபி-1ஏ, அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கானது. இந்த இரண்டையும் நீங்களே உங்களுக்காகப் போட்டுக்கொள்ளலாம். ஸ்பான்சர் தேவையில்லை, பாஸிடம் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. மூன்றாவது இபி-1பி, சிறந்த பேராசிரியர்கள், ஆய்வாளர்களுக்கானது. அதற்கு நிறுவனம்தான் மனு போட வேண்டும். குறைந்தது 3 ஆண்டு ஆய்வு அல்லது கற்பித்தல் அனுபவமும், முடிவுத் தேதி இல்லாத வேலை வாய்ப்பும் கேட்பார்கள். ஓராண்டு ஒப்பந்தத்தில் ஓடும் போஸ்ட்டாக் வேலைக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதைச் செய்வதில்லை.

மூன்றுக்கும் படிவம் ஒன்றுதான்: ஐ-140.

என்ஐடபிள்யூவில் எதை நிரூபிக்க வேண்டும்?

2016 டிசம்பரில் வந்த தனசார் தீர்ப்புதான் இன்றுவரை அளவுகோல். மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர். அவருடைய மேல்முறையீட்டில், 1998 முதல் நடைமுறையில் இருந்த பழைய அளவுகோலை நீக்கிவிட்டு மூன்று கேள்விகளை வைத்தார்கள். நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பும் தேசிய அளவு முக்கியத்துவமும் உண்டா? அதைச் செய்து முடிக்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? வேலை வாய்ப்பு என்ற நிபந்தனையை உங்களுக்குத் தளர்த்துவதால் நாட்டுக்கு லாபமா?

அந்தத் தீர்ப்பில் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. அவருடைய உந்துவிசை ஆராய்ச்சிக்கு தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றுக்கொண்டவர்கள், அவர் வகுப்பில் பாடம் நடத்துவதை அப்படி ஏற்கவில்லை. கற்பிப்பது மதிப்புள்ள வேலைதான், ஆனால் அதன் பலன் அந்த வகுப்பைத் தாண்டித் துறை முழுக்கப் பரவும் என்று காட்டவில்லை என்றார்கள். பேராசிரியராக இருப்பவர்கள் மனுவில் "மாணவர்களை உருவாக்குவேன்" என்று பக்கம் பக்கமாக எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

மனுக்கள் அதிகமாகச் சறுக்குவது முதல் கேள்வியில். "புற்றுநோய் இத்தனை லட்சம் பேரைப் பாதிக்கிறது, நான் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறேன், ஆகவே என் வேலை முக்கியம்" என்று எழுதுகிறார்கள். புற்றுநோய் முக்கியம் என்பது அதிகாரிக்கும் தெரியும். அவர் தேடுவது உங்கள் குறிப்பிட்ட வேலையை: எந்தப் புரதம், எந்தச் சிகிச்சையில் எது தடையாக நிற்கிறது, அடுத்த சில ஆண்டுகளில் நீங்கள் எதைச் செய்து அந்தத் தடையை நீக்கப் பார்க்கிறீர்கள், அதை யார் எடுத்துப் பயன்படுத்துவார்கள். இதை ஒன்றரைப் பக்கத்தில் தெளிவாக எழுத முடியாவிட்டால் மற்ற 300 பக்க இணைப்புகளும் காப்பாற்றாது. படிப்பவர் உங்கள் துறைக்காரர் இல்லை என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு மானியத்துக்கு எழுதிய முன்மொழிவை அப்படியே வெட்டி ஒட்டினால் வேலைக்காகாது.

இபி-1ஏ நோபல் பரிசு வாங்கியவர்களுக்குத்தானே?

அந்த அளவு சர்வதேச விருது இருந்தால் அது ஒன்றே போதும். இல்லாதவர்களுக்கு 10 வகைச் சான்றுகள் பட்டியலில் இருக்கின்றன; குறைந்தது 3 வகை பொருந்த வேண்டும். ஆய்வாளர்களுக்கு வழக்கமாகக் கைகொடுப்பவை: ஆய்வுக் கட்டுரைகள் எழுதியது, மற்றவர்களின் ஆய்வை மதிப்பிட்டது (ஜர்னலுக்கு ரிவியூ செய்வது இதில் சேரும்), துறையில் பெரிய தாக்கம் ஏற்படுத்திய சொந்தப் பங்களிப்பு. முதல் இரண்டும் ஓரளவு பணி செய்த எவரிடமும் இருக்கும். மூன்றாவதில்தான் சண்டை.

மூன்றைத் தொட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஓர் இயற்பியலாளர் தொடுத்த கசாரியன் வழக்கில் 2010இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு இரண்டு படிகளாகப் பார்க்கிறார்கள். முதல் படியில் எண்ணிக்கை. இரண்டாம் படியில் எல்லாச் சான்றுகளையும் சேர்த்து வைத்து, "இவர் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா" என்று கேட்கிறார்கள். பணம் கட்டினால் எவரும் சேரக்கூடிய சங்க உறுப்பினர் அட்டையை இங்கே சான்றாக வைப்பது மனுவின் மற்ற பகுதிகள் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும். எடுத்துவிடுங்கள்.

எத்தனை சைட்டேஷன் இருந்தால் போதும்?

சட்டத்திலும் விதியிலும் எந்த எண்ணும் கிடையாது. கணிதத்தில் 80 மேற்கோள் பெரிய விஷயமாக இருக்கலாம். இயந்திரக் கற்றலில் அதே எண் சாதாரணம். அதனால் வெறும் எண்ணைக் கொடுக்காமல், உங்கள் துறையில் அதே ஆண்டில் வெளிவந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டு, மேல் எத்தனை சதவீதத்தில் உங்கள் கட்டுரை நிற்கிறது என்று காட்டுங்கள்.

அதைவிடப் பலமானது, யார் எப்படி மேற்கோள் காட்டினார்கள் என்பது. முன்னுரையில் பத்தோடு பதினொன்றாக உங்கள் பெயர் வருவதும், "இந்த முறையைப் பயன்படுத்தி நாங்கள் அளந்தோம்" என்று செய்முறைப் பகுதியில் வருவதும் ஒன்றல்ல. உங்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து திறந்து பாருங்கள். இரண்டாம் வகையில் நாலைந்து கிடைத்தாலும் அந்தப் பக்கங்களை எடுத்து, வரியை மஞ்சளால் அடித்து இணையுங்கள். அரசு வழிகாட்டி, காப்புரிமை, நிறுவனத்தின் தொழில்நுட்ப அறிக்கை ஆகியவற்றில் உங்கள் வேலை எடுத்தாளப்பட்டிருந்தால் அது இன்னும் மேல்.

பரிந்துரைக் கடிதங்களை யாரிடம் வாங்குவது? எத்தனை?

ஐந்திலிருந்து ஏழு வரை போதும். ஒன்றிரண்டு உங்கள் வழிகாட்டியிடமிருந்தும் சேர்ந்து ஆய்வு செய்தவர்களிடமிருந்தும் இருக்கலாம். மற்றவை உங்களோடு வேலையே செய்யாதவர்களிடமிருந்து வர வேண்டும். பெரிய பெயர் கிடைக்குமா என்று அலைவதைவிட, உங்கள் ஆய்வை உண்மையில் எடுத்துப் பயன்படுத்திய ஒருவரைத் தேடுங்கள். மேற்கோள்களைத் திறந்து பார்த்தீர்களே, அந்தப் பட்டியலிலேயே அவர் இருப்பார். முன்பின் தெரியாதவருக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தன் துறை இளைஞருக்கு இதைச் செய்துகொடுக்கப் பலர் தயாராக இருக்கிறார்கள்.

கடிதத்தில் எது எடுபடும் என்பதற்கு நானே புனைந்த ஓர் உதாரணம். குடிநீரில் ஆர்சனிக் கண்டறியும் முறையை உருவாக்கிய ஆய்வாளர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி வருகிறது: "இவர் அபாரமான திறமைசாலி, கடின உழைப்பாளி, எங்கள் துறையின் எதிர்காலம் இவர் கையில்." இதை எந்த ஆய்வாளருக்கும் எழுதலாம், அதிகாரி இதே வாக்கியத்தை அன்று காலையிலேயே வேறு மனுவில் படித்திருப்பார். இரண்டாவது வரைவு: "நான் இவரை நேரில் சந்தித்ததில்லை. 2022இல் இவருடைய கட்டுரையைப் படித்தபின் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இவருடைய முறைக்கு மாறினோம். முன்பு மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பி மூன்று நாள் காத்திருந்தோம். இப்போது கிணற்றடியிலேயே ஒரு மணி நேரத்தில் முடிவு தெரிகிறது." இதில் புகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. ஆனால் யார், எப்போது, எதை மாற்றினார்கள், என்ன பலன் என்ற நான்கும் இருக்கின்றன.

எல்லாக் கடிதங்களையும் ஒரே நடையில் நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். ஒரே சொற்றொடர் மூன்று கடிதங்களில் வந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். குறிப்புகளும் கட்டுரைகளும் அனுப்பி, அவர்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள்.

இந்தியாவில் பிறந்தவருக்கு இதெல்லாம் எப்போது கிரீன் கார்டாக மாறும்?

நேராகச் சொல்கிறேன். ஐ-140 அங்கீகாரம் கிரீன் கார்டு அல்ல. அது வரிசையில் உங்கள் இடம். ஆண்டுக்கு வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் சுமார் 1,40,000. இபி-1, இபி-2, இபி-3 ஒவ்வொன்றுக்கும் அதில் 28.6 சதவீதம். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அப்படியானால் இபி-2இல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,800. அதில் மனைவி, கணவர், பிள்ளைகளும் அடக்கம். மற்ற நாட்டவர் பயன்படுத்தாமல் விட்டது மிஞ்சினால் கொஞ்சம் கூடும்.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் வெளியிடுகிறது. 2025 அக்டோபர் புல்லட்டினில் இறுதி நடவடிக்கைத் தேதி இந்தியாவுக்கு இபி-2இல் 2013 ஏப்ரல் 1. இபி-1இல் 2022 பிப்ரவரி 15. உங்கள் ப்ரையாரிட்டி டேட், அதாவது என்ஐடபிள்யூ, இபி-1 மனுக்களில் ஐ-140 போய்ச் சேர்ந்த தேதி, அதற்கு முந்தியதாக இருந்தால்தான் உங்கள் முறை. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே ஒன்பது வருட இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பிரிவில் அங்கீகாரமான மனுவின் தேதியை இன்னொரு பிரிவுக்குக் கொண்டுபோகலாம். 2021 நவம்பரில் ஒருவர் என்ஐடபிள்யூ போட்டு, அது அங்கீகாரமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இபி-1ஏவுக்குத் தகுதி போதவில்லை. நான்கு வருடம் வேலை செய்து, நல்ல கட்டுரைகள் வந்து, 2025இல் இபி-1ஏ கிடைக்கிறது. பழைய 2021 தேதியே இதற்கும் செல்லும். 2025 அக்டோபரிலேயே அவர் முறை வந்துவிட்டது. "இபி-2 வரிசைதான் நகரவே மாட்டேன் என்கிறதே, எதற்குப் போட வேண்டும்" என்று அதே நண்பர் 2021இல் சும்மா இருந்திருந்தால், 2025 தேதியோடு இபி-1 வரிசையின் வாலில் நின்றிருப்பார்.

ஆகவே இந்தியாவில் பிறந்த ஆய்வாளருக்கு என் ஆலோசனை எப்போதும் ஒன்றுதான். என்ஐடபிள்யூவுக்கு நியாயமான பலம் வந்த அன்றே போட்டுத் தேதியைக் கையகப்படுத்துங்கள். அதன்பிறகு இபி-1க்காக உழையுங்கள். ஆனால் பலமே இல்லாமல் அவசரப்பட்டுப் போட்டு மறுக்கப்பட்டால் அந்தத் தேதி நிற்காது.

இலங்கையில் பிறந்த தமிழருக்கும் இதே வரிசையா?

இல்லை. குடியுரிமை எதுவானாலும் கணக்கில் வருவது பிறந்த நாடு. யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பினாங்கிலோ பிறந்தவர் பொது வரிசையில் நிற்பார். மேலே சொன்ன அதே புல்லட்டினில் அந்த வரிசைக்கு இபி-1இல் காத்திருப்பே இல்லை. இபி-2இல் தேதி 2023 டிசம்பர் 1. அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தபோது குவைத்தில் பிறந்தவருக்கும் குவைத்தான் கணக்கு, பாஸ்போர்ட் இந்தியாவுடையதாக இருந்தாலும்.

கணவன், மனைவி இருவரில் யாருடைய பிறந்த நாடு சாதகமோ அதைக் குடும்பமே பயன்படுத்திக்கொள்ளலாம். மதுரையில் பிறந்த ஆய்வாளரின் மனைவி மட்டக்களப்பில் பிறந்தவர் என்றால், அவர் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை. திருமணமாகிப் பல வருடம் ஆகியும் இதைக் கவனிக்காமல் இருப்பவர்கள் உண்டு. பிள்ளையின் பிறந்த நாட்டைப் பெற்றோர் பயன்படுத்த முடியாது.

தமிழகத்து அகதி முகாம்களில் பிறந்த இலங்கைத் தமிழர்களுக்குக் கணக்கு இந்தியா என்றுதான் முதலில் வரும். பெற்றோர் இருவரும் அங்கே பிறக்காமல், அங்கே குடியிருப்பும் இல்லாமல் இருந்தபோது பிறந்த பிள்ளைக்குச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. முகாம் வாழ்க்கையைக் குடியிருப்பாகக் கொள்வதா என்பது வாதத்துக்குரியது. இப்படிப்பட்டவர்கள் அனுபவமுள்ள குடிவரவு வக்கீலிடம் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வரிசை நகரும்வரை ஐ-140 அங்கீகாரத்தால் வேறு பயன் உண்டா?

உண்டு. வேலை விசாவான ஹெச்-1பியின் ஆறு வருட வரம்பைத் தாண்டி மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம். ஹெச்-1பிக்காரரின் குடும்ப விசாவான ஹெச்-4இல் இருக்கும் வாழ்க்கைத்துணை 2015 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி வேலை அனுமதி கேட்கலாம். படித்துவிட்டு வீட்டில் முடங்கிக் கிடக்கும் மனைவிமார் பலருக்கு இந்த ஒன்றே பெரிய விடுதலை.

நான் ஜே-1இல் இருக்கிறேன். இரண்டு வருடம் ஊருக்குப் போயே ஆக வேண்டுமா?

ஜே-1 என்பது பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களுக்கான விசா. எல்லா ஜே-1க்கும் அந்த நிபந்தனை இல்லை. அரசுப் பணத்தில் வந்தவர்கள், மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்கள், தங்கள் நாட்டின் திறன் பட்டியலில் (அந்த நாட்டுக்கு அவசியமான துறைகளின் பட்டியல்) உள்ள துறையினர் ஆகிய மூன்று வகையினருக்குத்தான். 2024 டிசம்பர் 9 அன்று திருத்தப்பட்ட திறன் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள், முன்பே வந்தவர்களுக்கும் சேர்த்து. ஆகவே அந்தக் காரணத்துக்காக மட்டுமே கட்டுப்பட்டிருந்த இந்திய போஸ்ட்டாக்குகளுக்கு வழி திறந்துவிட்டது. விசா முத்திரையிலும் ஜே-1க்கான டிஎஸ்-2019 படிவத்திலும் பழைய குறிப்பே இருக்கும். சந்தேகம் இருந்தால் வெளியுறவுத் துறையிடம் அதிகாரபூர்வக் கருத்தைக் கேட்டு வாங்கலாம். ஃபுல்பிரைட் போன்ற அரசு உதவித்தொகையில் வந்தவர்களுக்கு நிபந்தனை அப்படியே இருக்கிறது.

கட்டுப்பட்டவர்கள் என்ஐடபிள்யூ போடத் தடையில்லை. ஆனால் என்ஐடபிள்யூவில் தளர்த்தப்படுவது வேலை வாய்ப்பு நிபந்தனை மட்டும். இரண்டு வருட நிபந்தனைக்குத் தனியாக வேவர் (விலக்கு) வாங்க வேண்டும். அதிலும் ஒரு கவனம்: வேவருக்குப் பரிந்துரை வந்துவிட்டால் அதன்பிறகு ஜே-1ஐ நீட்டிக்க முடியாது. டிஎஸ்-2019ஐ முதலில் முடிந்தவரை நீட்டித்துக்கொண்டு பிறகு கேளுங்கள்.

ஐ-140 போட்டபின் ஊருக்குப் போய்வரலாமா?

ஹெச்-1பி என்றால் கவலையில்லை. மாணவர் விசாவான எஃப்-1, ஜே-1 இரண்டும் திரும்பிப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கான விசாக்கள்; ஐ-140 போட்டது தெரிந்தால் அடுத்த விசா முத்திரைக்குச் சென்னைத் துணைத் தூதரகத்தில் கேள்வி வரும், மறுக்கவும் வாய்ப்புண்டு. தங்கை கல்யாணம் மாதிரி தவிர்க்க முடியாத பயணம் இருந்தால், போய் முத்திரை வாங்கித் திரும்பி வந்து மனு போடுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கட்டுரைகளில் ஒரு பெயர். பிரச்சினையா?

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. ஊரில் கே. செந்தில்குமார், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து செந்தில்குமார் குப்புசாமி, முதல் கட்டுரையில் எஸ். கே. குமார், பிறகு எஸ். குப்புசாமி. இவை எல்லாம் ஒரே ஆள் என்று அதிகாரி தானாக ஊகிக்க மாட்டார். எந்தெந்தக் கட்டுரையில் எந்தப் பெயர் என்று அட்டவணை போட்டு, இனிஷியல் வழக்கத்தை இரண்டு வரியில் விளக்கி, ஓர் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனுவின் முன்பகுதியிலேயே வையுங்கள். ஆய்வாளர் அடையாள எண்ணான ஆர்கிட்டின்கீழ் எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்துவிட்டால் இன்னும் எளிது.

பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். பழைய நகராட்சிச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். கடைசிக் கட்டத்தில் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 போடும்போது இது கேட்கப்படும். ஊரில் அம்மா அப்பா நல்லபடியாக நடமாடும் காலத்திலேயே பெயர் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் சான்றோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்துவிட்டது. இனி பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும்தானே?

கேட்டால்தான் பார்க்கும். வகுப்பெடுக்கும் பேராசிரியர்களுக்கு லேபர் சர்டிஃபிகேஷனில் தனிச் சலுகை உண்டு: வேறு தகுதியானவர் இருந்தாலும், தேர்வானவர்தான் அதிகத் தகுதி உள்ளவர் என்று காட்டினால் போதும். ஆனால் உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். தேர்ந்தெடுத்த நாள் என்பது நீங்கள் வேலையில் சேர்ந்த நாள் அல்ல. பல மாதம் முந்தியது. புது ஆய்வகம் அமைக்கும் ஓட்டத்தில் அந்தக் காலம் பறந்துவிடும். பணியில் சேரும் வாரத்திலேயே சர்வதேச அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இபி-1பியும் செய்வார்களா என்று சேர்த்தே கேளுங்கள்.

செலவு எவ்வளவு? வக்கீல் கட்டாயமா?

2024 ஏப்ரல் முதல் ஐ-140 கட்டணம் 715 டாலர். தனக்குத்தானே மனு போடுபவர் கூடுதலாக 300 டாலர் கட்ட வேண்டும். விரைவுப் பரிசீலனைக்குத் தனிக் கட்டணம். அதில் இபி-1ஏ, இபி-1பிக்கு 15 வேலை நாட்களிலும் என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாட்களிலும் ஏதாவது ஒரு பதில் வரும். வேகம் கூடுமே தவிர வாய்ப்பு கூடாது.

வக்கீல் கட்டாயமில்லை. தானே எழுதி வெற்றி பெற்ற ஆய்வாளர்கள் நிறைய. ஆனால் ஜே-1 நிபந்தனை, இடையில் விசா காலாவதியானது, முந்தைய மறுப்பு போன்ற சிக்கல் இருந்தால் வக்கீலிடம் போங்கள். எந்த வக்கீலை வைத்தாலும் உங்கள் ஆய்வை விளக்கும் பகுதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆர்எஃப்இ வந்திருக்கிறது. கதை முடிந்ததா?

இல்லை. கூடுதல் சான்று கேட்கும் கடிதம் அது. பதில் தர அதிகபட்சம் 12 வாரம் கிடைக்கும். பதற்றம் தணிந்தபின் பேனாவோடு உட்கார்ந்து, அதிகாரி எதை ஏற்றுக்கொண்டார், எதை ஏற்கவில்லை என்று பிரித்துக் குறியுங்கள். ஏற்காததற்கு மட்டும் பதில். ஒரு தடவைதான் வாய்ப்பு, தவணை முறையில் அனுப்ப முடியாது. மனு போட்ட தேதிக்குப் பிறகு வந்த விருதையோ கட்டுரையையோ வைத்துத் தகுதியை நிரூபிக்க முடியாது. அன்றே செய்திருந்த வேலைக்குப் பிறகு கிடைத்த வரவேற்பைத் துணையாகக் காட்டலாம். மறுத்தே விட்டாலும் புதிய மனு போடத் தடையோ காத்திருப்புக் காலமோ இல்லை.

மகளுக்கு 16 வயது. வரிசை நகர்வதற்குள் 21 ஆகிவிட்டால்?

உங்கள் மனுவோடு அவளுக்குக் கிரீன் கார்டு கிடைக்காது; தனி விசா தேட வேண்டியிருக்கும். இதற்கு ஒரு சிறு தணிப்பு உண்டு: ஐ-140 பரிசீலனையில் இருந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிப்பார்கள். பரிசீலனை ஒரு வருடம் இழுத்தால் ஒரு வருடம் கழியும்; பணம் கட்டி 45 வேலை நாளில் முடித்துக்கொண்டால் கழிவதும் அவ்வளவுதான். பிள்ளை 21ஐ நெருங்கும் வீடுகளில் விரைவுப் பரிசீலனைக்குப் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடப்படும் ஐ-485 மனுக்களில் வயதைக் கணக்கிட இறுதி நடவடிக்கைத் தேதி அட்டவணையைத்தான் யுஎஸ்சிஐஎஸ் எடுத்துக்கொள்கிறது, அதைவிடச் சில மாதம் முந்தி ஓடும் மனு ஏற்புத் தேதி அட்டவணையை அல்ல. புல்லட்டினில் இரண்டு அட்டவணைகளும் அடுத்தடுத்து இருக்கும். மகளின் வயதுக்குப் பார்க்க வேண்டியது முதலாவது.